பத்ரிநாத்தின் அம்பாசிடரும் ரெண்டு முழம் பூவும்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. ஒத்தக்கடை மெக்கானிக் முத்திருளன் என்னிடம் சொல்லி அழுதது. "எழுதிப்புடாதீங்கண்ணே" என்று கையைப் பிடித்துக் கேட்டான். சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்த ஆள் நான். என்னைப் பற்றி இதற்குமேல் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

முதல் வரி சுலபத்தில் வரவில்லை.

'யானைமலையின் நிழல் பட்டறைமேல் விழுந்தபோது, முத்திருளன்—' (அடித்துவிட்டேன். அப்போது உச்சி வெயில். மலைக்கே நிழல் கிடையாது.)

'சீதாலட்சுமி இறந்து பதினேழாம் நாள், அவர் எந்தக் காரில் இறந்தாரோ அந்தக் கார் பட்டறைக்கு வந்தது.' இது இருக்கட்டும். மொட்டையாகத்தான் இருக்கிறது.

2

கார் கறுப்பு அம்பாசிடர். பட்டுப்புடவை வியாபாரி பத்ரிநாத் அதை ஊட்டிக்காரர் ஒருவரிடம் வாங்கியிருந்தார். அதனால் அதில் ஹீட்டர் இருந்தது. மதுரையில் ஹீட்டரா என்று கடைவீதியே சிரித்தது. மனைவி சீதாலட்சுமிக்கு மூச்சிளைப்பு முற்றியதும் எண்பத்திரண்டில் ஏ.சி.யும் வைத்தார். ஹீட்டர் பெட்டிக்குள் இருந்த அதே ஃபேன்தான் ஏ.சி.க்கும்.

மறு வருஷம் சித்திரையில் அந்த ஃபேன் ஒருநாள் நின்றது. முத்திருளன் தேய்ந்த வயரை ஒட்டி, ஃபியூஸ் மாற்றி ஓடவைத்தான். "தைரியமாக் கூட்டிட்டுப் போங்கய்யா. ஃபேனுக்கு நான் பொறுப்பு" என்றான். வாய் சும்மா இருந்ததா? அதை நம்பித்தான் பத்ரிநாத், அக்னி நட்சத்திரத்து மத்தியானத்தில் மனைவியைத் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கொட்டாம்பட்டி தாண்டியதும் ஃபேன் நின்றது. துவரங்குறிச்சி வருவதற்குள் அந்த அம்மா போய்விட்டார்.

(குறிப்பு: ஃபேன் ஓடியிருந்தால் பிழைத்திருப்பாரா? "சொல்ல முடியாது" என்றாராம் டாக்டர். அவர் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.)

3

பத்ரிநாத் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு ஒரு நல்ல காட்சி கிடைத்திருக்கும். சாவியை நீட்டினார்.

"எதனால நின்னுச்சுன்னு பாத்துச் சொல்லு முத்திருளா. அது தெரியாம எனக்குச் சோறு எறங்கல."

"பாத்துடுறேங்கய்யா."

"ஒளிக்காமச் சொல்லணும். உன் வேலையில தப்புன்னாலும் சொல்லிடு. உன்னைய ஒண்ணும் பண்ண மாட்டேன்."

சாயங்காலம் வருவதாகச் சொல்லி டவுன் பஸ் ஏறினார்.

4

ஃபியூஸ் கருகியிருந்தது. புதுசு போட்டான். சுவிட்சைத் தட்டியதும் அதுவும் போயிற்று. அப்படியென்றால் ரெண்டே காரணம். அவன் போட்ட ஒட்டு விட்டு, வயர் தகட்டைத் தொட வேண்டும். இல்லை, ஃபேன் சுற்ற முடியாமல் இறுகியிருக்க வேண்டும். ஒட்டு விட்டிருந்தால் அந்த அம்மாவைக் கொன்றது தான்தான் என்று முத்திருளன் முடிவுகட்டிவிட்டான்.

ஒட்டின்மேல் சுற்றிய டேப்பைப் பிரிக்கக் கை வரவில்லை. ரெண்டு தரம் டீக்கடைக்குப் போய் வந்தான். "பதினெட்டாம்படிக் கருப்பா, என்னையக் கைவிட்றாதப்பா" என்று பிரித்தான்.

ஒட்டு போட்ட அன்றைக்கு இருந்தது போலவே இருந்தது.

"யப்பா!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டான். [கதையை இங்கேயே முடித்திருந்தால் நானும் நிம்மதியாகச் சாப்பிடப் போயிருப்பேன்.]

பிறகு நாலு ஸ்க்ரூவைக் கழற்றி ஹீட்டர் பெட்டியைத் திறந்தான். ஃபேன் அச்சில் வாழைநார் கயிறாக முறுக்கிச் சுற்றியிருந்தது. நாரெங்கும் காய்ந்து பழுப்பேறிய மல்லிகை. முன்கண்ணாடியின் அடியில் காற்று வர நீளமாக ஒரு துவாரம் உண்டல்லவா, அதன் ஓரத்தில்தான் பெருமாள் படம் ஒட்டியிருந்தது. படத்துக்கு வைத்த பூ வாடிச் சுருங்கி, துவாரம் வழியாக நழுவி உள்ளே விழுந்திருக்கிறது. ஒருநாள் பூ இல்லை, மாதக்கணக்கான பூ.

அந்தப் பூவை வைத்தது சீதாலட்சுமி என்று ஒரு பிரதியில் எழுதினேன். கிழித்துப்போட்டேன். முத்திருளனுக்குத் தெரியும்: மாசியில் அந்த அம்மா படுக்கையில் விழுந்தபின், "வண்டிக்குப் பூ வைக்க மறந்துடாதீங்க" என்று அவர் சொன்னதற்காகத் தினமும் வைத்தது பத்ரிநாத். கடைசிப் பயணத்தன்று, நல்லபடியாகப் போய்வர வேண்டுமே என்று, ஒரு முழத்துக்குப் பதில் ரெண்டு முழம் வைத்தார்.

(இன்னொரு குறிப்பு, முத்திருளன் இதைக் கடைசியாகத்தான் சொன்னான். சித்திரையில் ஃபேன் நின்றபோதே நாருக்கும் அதில் பங்கு இருந்திருக்கும். அன்றைக்கு அவன் பெட்டியைத் திறக்கவில்லை. அவசரம். நாலே ஸ்க்ரூ.)

5

முடிவு ஒன்று: உள்ளதைச் சொல்லிவிடுகிறான். அதன்பின் பத்ரிநாத் வீட்டுக்குப் போய் என்ன செய்வார் என்று எழுத என்னால் ஆகவில்லை.

முடிவு இரண்டு: "என் ஒட்டுதாங்கய்யா விட்டுப்போச்சு" என்று பழியைத் தலையில் போட்டுக்கொள்கிறான். ஆனால் அவர் நாளைக்கும் பூ வைப்பாரே, நாளன்றைக்கும்—

மூன்றாவதை முத்திருளனே கண்டுபிடித்தான். மாவு சல்லடையின் கம்பிவலையை வெட்டித் துவாரத்தின்மேல் வைத்துத் திருகினான். மோட்டார் பழசு, தானாக இறுகிவிட்டது என்று சொல்லிவிடலாம். யார் மேலும் பழியில்லை. அவன் மேலும் இல்லை, பார்த்தீர்களா? அதனால்தான் இந்த முடிவின்மேல் எனக்குச் சந்தேகம்.

6

பத்ரிநாத் வந்தபோது ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நார் உருண்டை முத்திருளனின் சட்டைப்பையில் இருந்தது. மனப்பாடம் பண்ணியதை ஒப்பித்தான்.

"அப்ப யாரு மேலயும் தப்பில்ல?"

"இல்லங்கய்யா."

அவர் கார் கதவைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். பதினேழு நாளில் அதுதான் முதல் அழுகையாம். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தார். மடியிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். ஒரு முழம் மல்லிகை. படத்துக்கு முன்னால் வைத்தார். விரல் கம்பிவலையில் தட்டியது.

"இது புதுசா இருக்கே. எதுக்கு முத்திருளா?"

இதுவரைதான் அவன் என்னிடம் சொன்னான். "அப்புறம்?" என்றேன். "நீங்களா இருந்தா என்னண்ணே சொல்லியிருப்பீங்க?" என்று கேட்டு வாயைப் பொத்திக்கொண்டான். நானும் நாலு மாதமாக யோசிக்கிறேன், வரவில்லை.

இப்போது அவன் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். நார் உருண்டை உங்கள் பையில் இருக்கிறது. பத்ரிநாத் வலையிலிருந்து விரலை எடுக்காமல் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்.