பின்னறைக்கு வராத படம்

வலது தோள் மத்தியானமே கைவிட்டுவிட்டது. மூட்டையை முதுகுக்கு ஏற்றும்போது உள்ளே எதுவோ சுருக்கென்று இழுத்துப் பிடித்தது. அதற்குப் பிறகு கை காதுக்கு மேலே போக மறுத்தது. கிடங்கு மேஸ்திரி ஒரு பார்வை பார்த்தார். "போய்ப் படு. அந்தக் கையை வச்சிக்கிட்டு அடுத்தவன் சரக்கைக் கீழ போட்டு உடைக்காத" என்று அனுப்பிவிட்டார். வாலிபத்தில் இரண்டு மூட்டையை ஒன்றாகச் சுமந்ததால் கிடங்கில் அவனுக்கு இரட்டைமூட்டை என்று பெயர். இப்போது ஒற்றை மூட்டைக்கே முனகுகிறான். பெயர் மட்டும் இளைக்கவில்லை.

அவன் பட்டப்பகலில் வீட்டுக்கு வந்து எத்தனையோ நாளாயிற்று. மனைவி தையல் கம்பெனிக்குப் போயிருந்தாள். பின்னறையில் மாமனார் யாரையோ கெஞ்சுவதும் வைவதுமாக இருந்தார். எட்டிப் பார்த்தான். கட்டிலில் உட்கார்ந்து டிவியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். திரையில் ஒரு பெண்ணின் முகம் கட்டம் கட்டமாக நொறுங்கியது. பிறகு 'சிக்னல் இல்லை' என்று எழுத்து வந்து அப்படியே நின்றது.

இரட்டைமூட்டைக்குத் தோள்வலி மறந்துபோனது. அப்படியென்றால் கிழவர் சொன்னது பொய்யில்லை.

மாமனார் காலமெல்லாம் லாரி ஓட்டி ஓய்ந்தவர். மாடி வீட்டில் தனியாக இருந்தார். ஒருநாள் படியில் உருண்டு விழுந்து, தூக்கிவிட ஆளில்லாமல் பொழுது சாயும்வரை கிடந்தார். மகள் கையோடு இங்கே கூட்டி வந்துவிட்டாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. தன் அறையில் தனக்கென்று ஒரு டிவி ஓட வேண்டும். இரட்டைமூட்டையின் தம்பி எலக்ட்ரீசியன். மொட்டைமாடி ஆண்டெனாவிலிருந்து கூடத்துக்கு வரும் ஒயரைப் பிரித்துப் பின்னறைக்கு இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

அன்று பிடித்த தகராறு. பகலில் படமே வருவதில்லை என்பார் மாமனார். இவன் வேலை முடிந்து வந்து பார்த்தால் படம் கண்ணாடி மாதிரி இருக்கும். கிழவர் கிளம்பச் சாக்குத் தேடுகிறார் என்று இவன் முடிவு கட்டிவிட்டான். கிழவரும் ரோஷக்காரர். சனிக்கிழமை போகிறேன் என்று சொல்லிப் பையைக் கட்டிக் கட்டிலடியில் வைத்துவிட்டார். மறுபடியும் அந்தப் படியில் விழுந்தால் யார் தூக்குவது என்று மனைவி ராத்திரியெல்லாம் தூங்காமல் புரண்டாள்.

"வந்துட்டீங்களா மாப்பிள்ளை? நல்லாப் பாருங்க. உங்க கண்ணாலயே பாருங்க" என்றார் மாமனார்.

"பார்த்துட்டேன் மாமா. கொஞ்சம் பொறுங்க."

டிவிக்குப் பின்னால் செருகியிருந்த ஒயரைப் பிடுங்கித் துடைத்துத் திரும்பச் செருகினான். ஒன்றும் நடக்கவில்லை. ஒயரைத் தொட்டுக்கொண்டே கதவு, சுவர், ஜன்னல் என்று தொடர்ந்து போனான். எங்கேயும் நசுங்கல் இல்லை, எலி கடிக்கவில்லை. பிறகு ஒற்றைக் கையால் ஏணியைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினான். வெயிலில் ஆண்டெனாக் கம்பி கொள்ளிக்கட்டையாகச் சுட்டது. சட்டை நுனியைச் சுற்றிப் பிடித்துக் கொஞ்சம் திருப்பினான்.

"வந்துச்சா மாமா?"

"இல்ல."

இன்னும் கொஞ்சம் திருப்பினான். "இப்ப?"

"இருந்த எழுத்துதான் இருக்கு. நீங்க எறங்குங்க. விழுந்து வச்சீங்கன்னா எம் பொண்ணு என்னைக் கொன்னுடுவா."

இறங்கி வந்தவன், கூடத்து டிவியையும் பார்த்துவிடலாம் என்று அதன் அடியிலிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் சுவிட்சைப் போட்டான். படம் பளிச்சென்று வந்தது. பின்னறையிலிருந்து மாமனார் குரல் கொடுத்தார்.

"மாப்பிள்ளை, வந்துடுச்சு. அப்படியே விடுங்க, எதையும் தொடாதீங்க."

ஆண்டெனாவைத் திருப்பியது பலித்துவிட்டது என்று இவனுக்கு ஒரே பெருமை. பார்க்கிற ஆள் இல்லாமல் கூடத்து டிவி எதற்கு ஓட வேண்டும் என்று சுவிட்சை அணைத்துவிட்டுப் பின்னறைக்கு நடந்தான். வாடகை அறையில் பணம் கட்டாமல் மின்சாரம் பிடுங்கப்பட்டு இருட்டில் வளர்ந்தவன் அவன். ஓர் இடத்தைவிட்டு எழுந்தால் கை தானாகச் சுவிட்சுக்குப் போகும். விடிகாலையில் வேலைக்குக் கிளம்பும்போதும் வீடு முழுக்க ஒரு சுற்று வந்து அணைத்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவான்.

பின்னறைத் திரையில் எழுத்து நின்றது.

"என்ன மாமா, வந்துச்சுன்னீங்க?"

"வந்துச்சு. நீங்க நடந்து வந்தீங்க, போயிடுச்சு."

இவன் திரும்பக் கூடத்துக்குப் போய்ச் சுவிட்சைப் போட்டான். "வந்துடுச்சு" என்றார். அணைத்துவிட்டுப் போனான். இல்லை.

"உங்க மூஞ்சியப் பார்த்தாலே அது ஓடி ஒளியுது மாப்பிள்ளை."

வேறு வழியில்லாமல் தம்பிக்குப் போன் போட்டான். "என்னடா கட்டிவிட்டுப் போன? முன்னாடி போனா பின்னாடி வருது, பின்னாடி போனா காணாமப் போகுது."

தம்பி பதற்றப்படவில்லை. "அண்ணே, கூடத்து டிவிக்கு அடியில ஒரு கறுப்புப் பெட்டி வச்சேன்ல, அதுல பச்சை லைட் எரியுதா பாரு."

"அது எப்படி எரியும்? எக்ஸ்டென்ஷன் பாக்ஸையே நான் அணைச்சு வச்சிருக்கேன்."

"எதுக்கு அணைச்சே?"

"யாரும் பார்க்கலையேடா."

"அண்ணே, மாடியில ஆண்டெனாவோட, சிக்னலைப் பலமாக்குற ஒரு பூஸ்டர் இருக்கு. இந்தப் பெட்டிதான் அதுக்குக் கரண்ட் அனுப்புது. இது அணைஞ்சா அதுவும் செத்துடும். பின்னறை தூரம், அங்க சிக்னல் உடைஞ்சு உடைஞ்சுதான் எட்டும், அப்புறம் அதுவும் நின்னுடும். தெனம் காலையில நீயே சிக்னலைக் கொன்னுட்டு வேலைக்குப் போயிருக்க. சாயங்காலம் அண்ணி வந்து கூடத்து டிவியைப் போட்டதும் அதுக்கு உயிர் வந்திருக்கு." சிரிப்பில் அவனுக்கு மூச்சு வாங்கியது.

இரட்டைமூட்டை போனை வைத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டான். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அணைக்கத் துடித்த கையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னறைக்குப் போனான். படம் துல்லியமாக ஓடிக்கொண்டிருந்தது. முதுகிலிருந்து மூட்டையை இறக்கிய மாதிரி இருந்தது.

நடந்ததைச் சொன்னான். மாமனார் வாயைப் பிளந்து கேட்டார். பிறகு கட்டில் ஆடும்படி சிரித்தார்.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? என்னை வெரட்டத்தான் ஏதோ பண்ணிட்டுப் போறீங்கன்னு நெனச்சேன்."

"கரண்டை மிச்சம் பண்ணேன் மாமா."

"தப்பா நெனச்சுட்டேன் மாப்பிள்ளை. மன்னிச்சுக்கோங்க." குனிந்து பையை இழுத்து, உள்ளிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டார். செய்திக்குத்தான் டிவி என்று சொல்லி வந்தவர், திரையில் அழுத பெண்ணைக் காட்டி, "இவ மாமியா இருக்காளே, மகா பாவி. நாலு நாளா என்ன பண்ணாளோ தெரியல" என்று அங்கலாய்த்தார்.

கடைசிச் சட்டையை உதறும்போது, திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்: "நேத்து ராத்திரி நீங்க அவகிட்ட சொன்னது எனக்குக் கேட்டுச்சு. 'உங்கப்பன் நடிப்புக்கு என் வீடுதான் கெடச்சுதா'ன்னு."

குரலில் கோபமில்லை. அதுதான் சுட்டது. இரட்டைமூட்டை வாயைத் திறந்தான்.

"சும்மா இருங்க. மாமியாக்காரி வர்ற நேரம்" என்றார் அவர்.

இவன் சும்மா இருந்தான். சாயங்காலம் மனைவி வந்து, கொடியில் தொங்கிய சட்டைகளைப் பார்த்துவிட்டு, வாசலிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்போதும் இவன் எதுவும் சொல்லவில்லை. மாமனார் கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்டு முடித்துவிட்டார். இவன் அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.