சாதா ஆயில் டப்பா

ஆயில் பார்க்கும் கம்பியை ஜெனரேட்டரிலிருந்து உருவிய ஸ்ரீதர் அதைத் தன் வேட்டி நுனியில் துடைக்கப் போவதை, ஜெயராணி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் கையை ஊன்றி எழுந்தாள்.

"எங்க அண்ணி?" என்றாள் பக்கத்திலிருந்த நாத்தனார் அமிர்தம்.

"தோ வரேன்."

அன்று காலை ஆறரை மணிக்கு ஞானசேகரன் டீயை முழுசாகக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். நாற்காலியில் சாய்ந்தவர் அப்புறம் நிமிரவில்லை. அறுபத்தேழு வயது. ஒரு நாள்கூடப் படுக்கையில் கிடந்ததில்லை. வந்தவர்கள் எல்லோரும் நல்ல சாவு என்றார்கள். ஜெயராணிக்கும் அழுகைக்கு நடுவில் அப்படித்தான் தோன்றியது.

ஒரே மகள் வினோதினி மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிறாள். எப்படிப் பறந்து வந்தாலும் மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் கீரப்பாளையத்தில் கால் வைக்க முடியும். அதுவரை அவரை வைத்திருக்க வேண்டும். முந்தின நாள் காற்றில் தெருமுனைக் கம்பம் சாய்ந்து, ஊருக்கே கரெண்ட் இல்லை. ஆனால் அந்த வீட்டில் கரெண்ட்டுக்கு என்ன குறை? இருபத்தெட்டு வருஷமாக ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவதுதான் அவர்கள் பிழைப்பு. கடலூரிலிருந்து காட்டுமன்னார்கோயில் வரை எத்தனையோ கல்யாணப் பந்தலில் 'சேகர் ஜெனரேட்டர்' எரியவிட்ட விளக்குகள்தான். சின்ன ஜெனரேட்டர் சிதம்பரத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தது. வீட்டில் இருந்தது பழைய பெரிய டீசல் இஞ்சின்.

"வேட்டியில துடைக்காதடா. ஆணியில துணி தொங்குது பாரு" என்றபடி ஜெயராணி கொட்டகைக்குள் வந்தாள்.

"நீ எதுக்குப் பெரியம்மா வந்த? நாங்க பாத்துக்க மாட்டமா?" என்றான் ஸ்ரீதர். ஞானசேகரனுடைய தம்பி மகன் அவன். கொள்ளி வைக்கப் போகிறவனும் அவன்தான்.

ஜெயராணி கம்பியை வாங்கித் துடைத்து, உள்ளே விட்டு எடுத்தாள். கீழ்க்கோட்டுக்கும் கீழே, கறுத்துப்போன ஆயில் ஒட்டிக்கொண்டு வந்தது.

வாடகை பேசுவது, பந்தல்காரர்களிடம் சிரித்து வேலை வாங்குவது எல்லாம் அவர். இஞ்சின் அவள் பொறுப்பு. ஞானசேகரன் ஸ்பேனரைப் பிடித்தால் ஒன்று போல்ட் வழுக்கும், இல்லையென்றால் கை கிழியும். ஆனால் எந்த ஆயில் ஊற்றுவது என்பதில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கடலூரில் ஒரு ஆயில் கம்பெனிக் கூட்டத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்த நாளிலிருந்து சிந்தெடிக், சிந்தெடிக் என்று ஒரே பாட்டு. சூடு தாங்கும், சீக்கிரம் கெடாது, இஞ்சினுக்குள் கசடு சேராது என்பார்.

"புது வண்டிக்கு ஊத்து, நான் வேணாங்கல. இது பழசு. சீலெல்லாம் தேஞ்சு கெடக்கு. அத ஊத்தினா பொட்டுப் பொட்டுன்னு ஒழுவும்" என்பாள் இவள்.

நேற்றுச் சாயங்காலம்கூட அந்தச் சண்டை நடந்தது. ஆயில் மாற்ற வேண்டிய நாள் தாண்டிவிட்டது என்று இவள் ஆரம்பிக்க, நாளைக்குப் பாத்துக்கலாம் என்று அவர் முடித்திருந்தார்.

அலமாரியில் இருந்த சாதா ஆயில் டப்பாவைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் கொஞ்சம்தான் ஆடியது.

"இருக்கிறத ஊத்தி ஓட்டிடலாம் பெரியம்மா."

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நிக்காம ஓடணும்டா. நடுவுல ஜாம் ஆச்சுன்னா?"

ஸ்ரீதர் ஐஸ் பெட்டி இருந்த பக்கம் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டான்.

ஜெயராணி சிதம்பரத்துக்கு, ரஃபியுதீன் கடைக்குப் போன் போட்டாள். ஆயிலும் ஃபில்டரும் விற்கிற கடை. ஞானசேகரனுக்கு இருபது வருஷப் பழக்கம். சாவுச் செய்தி தெரிந்து ரஃபியுதீன் கிளம்பிக்கொண்டிருந்தார். "ஆயில் ஒரு டப்பா எடுத்துட்டு வாங்க பாய்" என்றாள். எது என்று அவர் கேட்கவில்லை.

அரை மணி நேரத்தில் வந்தார். மாலையை வைத்துவிட்டு ஐஸ் பெட்டியின் அருகே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வண்டியிலிருந்து டப்பாக்களைக் கொட்டகைக்குத் தூக்கிவந்தார். இரண்டு டப்பா. ஒன்று சாதா, இன்னொன்று சிந்தெடிக்.

"ரெண்டு எதுக்கு பாய்? நான் எத ஊத்துவேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

ரஃபியுதீன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "அக்கா, இத இன்னிக்குச் சொல்லலாமா கூடாதான்னு வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வந்தேன். சொல்லாம விட்டா தப்பாப் போயிடும். நாளைக்கு இஞ்சினுக்கு ஒண்ணுன்னா எம் மனசு கேக்காது."

"சொல்லுங்க."

"ரெண்டு வருஷமா இந்த இஞ்சின்ல நீங்க ஊத்திக்கிட்டு இருக்கிறது சிந்தெடிக்தான்."

ஜெயராணி அலமாரியிலிருந்த பழைய டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"டப்பா சாதாதான். உள்ள இருக்கிறது வேற. எங்க கடையிலயே வச்சு அவரே மாத்தி ஊத்திக்குவாரு. நீங்க வெரலால தொட்டுப் பாப்பீங்கன்னு, அதே திக்கா இருக்கிறதாப் பாத்து எடுப்பாரு."

புது டப்பா வாங்கி வரும்போதெல்லாம் மூடியை அவரே திறந்து கொடுப்பார். இறுக்கமா இருக்கு, ஒன் கை வலிக்கும் என்பார். இந்த வயசில் எத்தனை அனுசரணை என்று அவள் அமிர்தத்திடம்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

"சீல் ஒழுவியிருக்குமே பாய்?"

"ஒழுவிச்சு. நீங்க பொண்ணுகிட்ட மஸ்கட்டுக்குப் போயிருந்தீங்க இல்ல, ஒரு மாசம்? அப்ப மெக்கானிக்க வச்சு சீல மாத்திட்டோம்." ரஃபியுதீன் கொஞ்சம் தயங்கினார். "அது ரொம்ப நாள் தாங்குற ஆயில். நீங்க பழைய கணக்கு வச்சு பாதி நாள்லயே எறக்கிக் கொட்டிடுவீங்க. அதுக்குத்தான் அவருக்கு வயிறு எரியும். வாயத் தொறந்து சொல்லவும் முடியாது."

ஜெயராணிக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது. உள்ளே ஒப்பாரி சட்டென்று நின்றது. அமிர்தம் பதறி ஓடிவந்தாள்.

"என்னா அண்ணி? என்னா ஆச்சு?"

"ரெண்டு வருஷமா உங்க அண்ணன் என்னெ ஏமாத்தியிருக்காரு."

அமிர்தத்தின் முகம் வெளுத்தது. ரஃபியுதீனைப் பார்த்தாள், ஸ்ரீதரைப் பார்த்தாள்.

"ஆயில் விஷயத்துலடி" என்றாள் ஜெயராணி.

பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இரண்டு டப்பாவும் அவள் முன்னால் இருந்தன. சாதாவையே ஊற்றலாம். அதனால் எதுவும் குடிமுழுகிப் போகாது. ஆனால் இரண்டு வருஷமாக வேறொன்றுக்குப் பழகிய இஞ்சின். சீலும் புதுசு. ஒரு நாளுக்கு மேல் சித்திரை வெயிலில் மூச்சு விடாமல் ஓட வேண்டும்.

"சூடு தாங்கணும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு சிந்தெடிக் டப்பாவை இழுத்தாள். "ஸ்ரீதரு, பத்து நிமிஷம் ஓட்டி நிறுத்து. சூடா இருந்தாத்தான் கசடெல்லாம் சேந்து எறங்கும்."

"நீங்க தொடாதீங்க அண்ணி, பாக்கிறவங்க என்னா நெனைப்பாங்க" என்றாள் அமிர்தம்.

"உங்க அண்ணன் ஒண்ணும் நெனைக்க மாட்டாரு."

அடியில் தட்டை வைத்து போல்ட்டைக் கழற்றினாள். கறுப்பு ஆயில் கயிறு மாதிரி இறங்கியது. சொட்டு நிற்கும்வரை காத்திருந்து போல்ட்டை முடுக்கினாள். புது டப்பாவின் மூடி உண்மையாகவே இறுக்கம். ரஃபியுதீன் கை நீட்டினார், அவள் கொடுக்கவில்லை. துணியைச் சுற்றித் திருகித் தானே திறந்தாள்.

இஞ்சின் ஓடியது. வெயில் ஏறியும் சத்தம் மாறவில்லை. பொழுது சாய்ந்து, விடிந்து, மறுநாள் பத்தே காலுக்கு வினோதினி கார் வந்து நின்றபோதும் ஒரே தாளமாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் பெட்டியின் கண்ணாடியில் கன்னத்தை வைத்துச் சாய்ந்து அழுதாள். அப்பா முகம் தூங்குகிற மாதிரிதான் இருந்தது. நெற்றி விபூதிகூடக் கலையவில்லை.

பன்னிரண்டு மணிக்கு எடுத்தார்கள். பெண்கள் தெருமுனை வரை போய்த் திரும்பினார்கள். பறைச் சத்தம் வாய்க்கால் பக்கம் போய்த் தேய்ந்தது. ஜெயராணி நேராகக் கொட்டகைக்குப் போய் இஞ்சினை நிறுத்தினாள். இஞ்சினுக்கு அடியில் போட்டிருந்த மணலில் ஒரு சொட்டு ஆயில் இல்லை.

"அம்மா, குளிக்கக் கூப்புடுறாங்க" என்று வினோதினி வந்து நின்றாள். "அப்பா ஆயில் மாத்தின கதைய அத்தை சொன்னாங்க."

"சிரிச்சியா?"

"ம்."

ஜெயராணி மூலையிலிருந்த தார்ப்பாயை எடுத்து உதறி மடித்தாள்.

"குடு, நான் மூடிட்டு வரேன். நீ போ" என்றாள் வினோதினி.

"சூட்டோட மூடக் கூடாது. ஆறட்டும்."

இஞ்சின் பக்கத்தில் கிடந்த மர ஸ்டூலில் உட்கார்ந்தாள். மடித்த தார்ப்பாய் மடியில் இருந்தது. வினோதினியும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். இரும்பு ஆறும்போது எழும் டிக், டிக் சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது.