அவள் குறிப்பு, அவன் காலண்டர்

பிரிந்துபோன மனைவிக்குச் செவ்வாய்க்கிழமை கேஸ் சிலிண்டர் வருகிறது என்பது பிரசாத்துக்குத் தெரியும். தெரிந்திருக்கக் கூடாதுதான். ஆனால் தெரியும். வெள்ளிக்கிழமை அவள் வீட்டு வாடகை, அதற்கடுத்த வாரம் வண்டி சர்வீஸ், ஜூன் மூன்றாம் தேதி மாலை ஐந்து மணிக்குப் பல் டாக்டர். எல்லாம் அவன் போனில் பச்சைக் கட்டங்களாக வந்து உட்கார்ந்திருந்தன.

கீதாஞ்சலி எதையும் எழுதிவைக்கிற பெண். உப்பு வாங்குவதைக்கூட போனிலுள்ள நோட்ஸில் எழுதி, வாங்கியதும் டிக் அடிப்பாள். பிரசாத்தோ செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில், பன்னிரண்டு அறை விடுதி ஒன்றைப் பார்த்துக்கொள்கிறவன். எந்த அறைக்கு யார் வருகிறார், எப்போது காலி செய்கிறார் என்பதெல்லாம் காலண்டரில். காலண்டரில் இல்லாத ஒன்று அவனைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு ஆப் வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தினார்கள்.

அதில்தான் வந்தது வினை. கீதாவின் அப்பா சுப்பிரமணிக்குக் கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை விவசாயம். அவருக்கு நெஞ்சு ஸ்கேன் எடுக்க நாள் கொடுத்திருந்தார்கள். அந்த வாரம் கீதாவுக்குச் சென்னையில் பயிற்சி. "அப்பாவுக்கு ஸ்கேன், 11-ம் தேதி, நீங்க கூட்டிட்டுப் போங்க" என்று இருவருக்கும் பொதுவான குறிப்பில் எழுதிவிட்டுப் போனாள். பிரசாத் குறிப்பைத் திறக்கவே இல்லை. பதினொன்றாம் தேதி அவன் காலண்டரில் இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள், மாமனார் வரவில்லை. அடுத்த தேதி மூன்று வாரம் தள்ளிக் கிடைத்தது. அவர் அதுவரை இருக்கவில்லை.

முன்பே எடுத்திருந்தாலும் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். கீதா அதைக் கேட்டுக்கொண்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பிரசாத் பிழைத்திருப்பான்.

கருமாதி முடிந்த வாரமே அவன் உட்கார்ந்து இரண்டு ஆப்பையும் இணைத்தான். அவள் குறிப்பில் தேதி போட்டு எது எழுதினாலும் அவன் காலண்டரில் விழும். அவன் இங்கே தேதியை நகர்த்தினால் அங்கேயும் நகரும். முதல் வருட திதிக்கு அய்யங்குளத்தில் மருமகனாக அவனே உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் விட்டான். அன்று மாலை கீதா "அப்பா திதி" என்று எழுத, அவன் பெரிய கெட்டிக்காரன்போல அதில் 'வருடந்தோறும்' என்று தட்டிவிட்டான். மே 28.

போன மார்கழியில் அவள் சென்னையில் ஒரு லேபில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். "போன் பண்ணாதீங்க. தோணும்போது நானே பண்றேன்" என்றாள். அவளுக்குத் தோன்றவில்லை. ஆனால் இணைப்பை எடுக்க மறந்துவிட்டாள். ஐந்து மாதமாக அந்தப் பச்சைக் கட்டங்களைப் பார்த்துத்தான் பிரசாத் நாளை ஓட்டிக்கொண்டிருந்தான். அவள் குரல் இல்லை, முகம் இல்லை, கேஸும் வாடகையும்தான். அதுவும் இல்லாவிட்டால் என்ன செய்வான் என்று அவனுக்கே தெரியவில்லை.

மே 28-ல் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: "அய்யங்குளம், காலை 6. முந்தின ராத்திரி பஸ்." அவள் வருகிறாள். எதிர்க்கரையில் நின்றாவது பார்த்துவிட வேண்டும். அதற்கென்று ஒரு சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவைத்திருந்தான், இரண்டு வாரத்துக்கு முன்பே.

கிரிவலப் பௌர்ணமிக் கூட்டம் வடிந்த புதன்கிழமை, விடுதியைப் பெருக்க வரும் கன்னியம்மாள் வரவேற்பறைச் சுவரிலிருந்த தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டே கேட்டாள்.

"தம்பி, உன் மாமனாரு திதி வைகாசி தேய்பிறை பஞ்சமினு தானே சொன்ன? பௌர்ணமி போயி ரெண்டு நாளாச்சே. லீவு சொல்லிட்டியா?"

"அது இருபத்தெட்டுலமா."

"இன்னா இருபத்தெட்டு? இங்க பாரு, சனிக்கெழமை பஞ்சமி. பதினேழு."

பிரசாத் எழுந்துவந்து பார்த்தான். தாள் தாளாகப் புரட்டினான். பதினேழுதான். மாதாமாதம் பௌர்ணமி பார்த்து அறைக்கு முன்பதிவு போடுகிறவன் அவன். திதி இங்கிலீஷ் தேதிக்குக் கட்டுப்படாது என்று வெள்ளைக்காரர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்கிறவன். சொந்த மாமனாருக்கு 'வருடந்தோறும்' போட்டிருக்கிறான்! அந்த மனிதர் விஷயத்தில் இரண்டாவது முறையாகத் தேதியில் கோட்டைவிட்டிருக்கிறான்.

"மூஞ்சி ஏன் இப்படி ஆயிடுச்சு? அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லேன்" என்றாள் கன்னியம்மாள்.

சொல்லலாம். யாரை விட்டுச் சொன்னாலும், என்னிடம் தேதி தப்பாக இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்றுதான் முதலில் கேட்பாள். அப்புறம் பச்சைக் கட்டங்கள் கிடையாது. சும்மா இருந்துவிட்டால் இருபத்தெட்டாம் தேதி அவளைப் பார்க்கலாம். யாருக்கும் ஒன்றும் தெரியாது. சுப்பிரமணிக்கு மட்டும் அவருடைய நாளில் தண்ணீர் கிடைக்காது.

மத்தியானம்வரை கணக்குப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தான். பிறகு அந்தக் கட்டத்தின்மேல் விரலை அழுத்தி, இருபத்தெட்டிலிருந்து இழுத்துப் பதினேழில் விட்டான். அடியில், "வைகாசி தேய்பிறை பஞ்சமி இந்த வருஷம் சனிக்கிழமை. என் தப்பு" என்று எழுதினான்.

பதில் இல்லை. கட்டங்களும் போகவில்லை.

சனிக்கிழமை ஐந்தரைக்கே அய்யங்குளத்தில் நின்றான். ஆறு மணிக்கு கீதா ஆட்டோவில் வந்து இறங்கினாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். அவனைப் பார்த்தாள், ஆச்சரியப்படவில்லை. அவன் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியோரமாக ஒதுங்கி வழிவிட்டான்.

அய்யருக்குப் போன வருஷத்து ஞாபகம். "மாப்பிள்ளை, வந்து உக்காருங்கோ" என்றார்.

பிரசாத் ஓர் அடி எடுத்துவைத்தான்.

"அவரு தேதி சொன்னாரு சாமி. அது போதும். மீதி நான் பாத்துக்கறேன்" என்று அவளே படியில் உட்கார்ந்தாள்.

முடித்துவிட்டு, ஈரக்கையைத் துடைத்தபடி அவனிடம் வந்தாள்.

"மார்கழியிலேர்ந்து பாத்துனு இருக்கீங்களா?"

"ஆமா."

"எல்லாமா?"

"தேதி போட்டதெல்லாம்."

அவள் குளத்தைப் பார்த்தாள். கோபமிருந்ததாகத் தெரியவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"அன்னிக்கு இத்தனை பாத்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். பிறகு போனை எடுத்து அவனிடம் நீட்டினாள். "இத எங்க போயி எடுக்கறதுனு ரெண்டு நாளா தேடினேன், தெரியல. நீங்கதானே போட்டீங்க. நீங்களே எடுத்துடுங்க."

அவள் போன் அவன் கையில் வெதுவெதுப்பாக இருந்தது. எங்கே போக வேண்டும் என்று விரலுக்குத் தெரியும். தெரியாததுபோல ஒரு நிமிஷம் தேடினான். கடைசியில் அந்த இடம் வந்தது.

"ஏற்கெனவே என்கிட்ட வந்ததையெல்லாம் அழிச்சிடவா, வெச்சிருக்கவானு கேக்குது."

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

"பழசு இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

அவன் இணைப்பை எடுத்துப் போனைத் திருப்பிக் கொடுத்தான். அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு புதிதாக எதுவும் விழவில்லை. முன்பே வந்திருந்தவை மட்டும் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. ஜூன் மூன்றாம் தேதி மாலை, அறைச் சாவி ஒன்றை விருந்தாளியிடம் கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் ஒலித்தது. பல் டாக்டர், ஐந்து மணி. அதுதான் கடைசிக் கட்டம். அவள் தேதியை மாற்றியிருக்கலாம், வலி நின்றுபோயிருக்கலாம், இனி அவனுக்குத் தெரிய வழியில்லை. ஆனாலும் ஐந்து மணி ஆகும்வரை பிரசாத் நாற்காலியில் உட்காரவில்லை. அவளோடு அந்த டாக்டர் வாசலில் காத்திருப்பவன்போல நின்றுகொண்டே இருந்தான்.