தொண்ணூறாம் நம்பர் ஊசி

அவருக்கு ஊரில் ‘அவசரம்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் கையெழுத்துப் போடும்போது மட்டும்தான் அவருக்கே ஞாபகம் வரும். சோறு ஆறப் பொறுக்க மாட்டார், பஸ் நிற்கப் பொறுக்க மாட்டார். அப்படிப்பட்ட மனுஷன் அந்த ஞாயிற்றுக்கிழமை டிராக்டர் கொட்டகையில், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் இரண்டு மணி நேரமாக வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் உட்கார்ந்துதான் இருந்தார்.

ராத்திரிக்குள் மழை வந்துவிடும் என்று ரேடியோக்காரன் காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தான். இரண்டு ஏக்கர் உழாமல் கிடந்தது. போன வருஷமும் மழை முந்திக்கொண்டு, நிலம் சேறாகி, விதை மூட்டையிலேயே முடங்கிப்போனது. இந்த வருஷமும் தவறினால் நிலத்தை எவனிடமாவது விட்டுவிட்டு, ஏதோ ஒரு கிடங்கு வாசலில் வாட்ச்மேனாக விசில் ஊதிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஊரிலுள்ள டிராக்டர்களெல்லாம் அவரவர் வயலில் ஓடிக்கொண்டிருந்தன. இவருடையது அவரைவிட நான்கு வயது மூத்த பெட்ரோல் வண்டி. கிளப்பினால் கரும்புகையாகக் கக்கும், கலப்பையை மண்ணில் இறக்கியதும் இருமிவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

மகன் லாரியோடு எங்கோ போயிருந்தான். வீட்டில் இருந்தது மனைவியும் மருமகளும்தான். மருமகள் தையல் ஃபேக்டரியில் மெஷின் மெக்கானிக், நூற்றிருபது மெஷின் அவள் பொறுப்பு. காபி டம்ளரை வைத்துவிட்டு, “கார்புரேட்டர்தான் மாமா. நான் பிரிக்கட்டுமா?” என்று கேட்டாள். டிராக்டர் என்ன, தையல் மெஷினா என்று அவருக்கு வாய்வரை வந்தது. வேறு போக்கிடம் இல்லாததால் தலையை ஆட்டினார்.

அவள் பிரித்த அழகை என்னவென்று சொல்வது! வெள்ளைத் துணி ஒன்றை விரித்தாள். கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொன்றாக வைத்தாள். பெட்ரோல் தேங்கும் கிண்ணம், அதில் மிதக்கும் பித்தளை மிதவை, ஸ்பிரிங், திருகு, பெட்ரோலை அளந்து விடும் விரல் நகத்தளவு ஜெட். ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, பிரஷ்ஷால் நீவி, ஊதி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒரு திருகுகூட உருளவில்லை, ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அவராக இருந்திருந்தால் இந்நேரம் பாதி சாமான் வைக்கோலுக்குள் போயிருக்கும். கிழிந்த கேஸ்கட்டுக்குப் பதிலாகத் தடித்த அட்டையை வைத்து, கத்தரிக்கோலால் ஒரே சுற்றில் வெட்டினாள். அச்சுப் பிசகாமல் உட்கார்ந்தது. அடேயப்பா, இது கையா, வேறு ஏதாவதா என்று அவர் வாயைப் பிளந்தார்.

ஜெட்டைக் கண்ணருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். “மாமா, இதுல தொண்ணூறுன்னு அடிச்சிருக்கு பாருங்க. அதுதான் ஓட்டையோட அளவு. எங்க தையல் ஊசிக்கும் இதே கணக்குதான்.”

பையிலிருந்து மெஷின் ஊசிப் பெட்டியை எடுத்தாள். தொண்ணூறாம் நம்பர் ஊசி ஜெட்டுக்குள் லொடலொடவென்று ஆடியது. நூறும் ஆடியது. நூற்றிப்பத்துதான் கச்சிதமாக நின்றது.

“யாரோ கம்பி விட்டுக் குடைஞ்சிருக்காங்க. ஓட்டை பெருசாகி, பெட்ரோல் கண்டமேனிக்கு ஊத்துது. யாரு மாமா?”

அவர் வைக்கோலில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். வாசலில் விதை புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி தலையைக்கூடத் தூக்கவில்லை. “யாருன்னு கேக்கணுமா? இந்த வீட்டுல இவர் கழட்டிப் பாக்காதது கூரை மட்டும்தான்.”

“அடைச்சிருந்துச்சு… சைக்கிள் பிரேக் ஒயர் கம்பியால லேசா…” என்று இழுத்தார்.

“சரி விடுங்க. வேற எதையாவது தொட்டீங்களா?”

“சேச்சே!” என்றார் பட்டென்று.

அவள் ஜெட்டின் ஓட்டையை ஈயத்தால் அடைத்தாள். தொண்ணூறாம் நம்பர் ஊசியின் நுனியை ஒடித்து, சாணைக்கல்லில் முனை வைத்தாள். பிறகு ஊசியின் தடித்த தலையை இரண்டு விரலால் பிடித்து, அந்த ஈயத்தில் புது ஓட்டை போடத் திருக ஆரம்பித்தாள். அரைச்சுற்று, ஒரு ஊதல், மறுபடி அரைச்சுற்று. முக்கால் மணி நேரம் அதே நிதானம். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அவர் காலை மாற்றி மாற்றி வைத்தாரே தவிர, சீக்கிரம் என்ற சொல்லை விழுங்கிவிட்டார். கடைசியில் ஊசி வழுக்கிக்கொண்டு மறுபக்கம் வந்தது. மயிரிழைகூட ஆடவில்லை.

எல்லாவற்றையும் மாட்டினார்கள். கிளப்பியதும் வண்டி உறுமியது. அவர் கை தட்டப்போன நேரம் பார்த்து, கிண்ணத்தின் விளிம்பில் பெட்ரோல் பொங்கி வழிந்தது. அவள் பாய்ந்து எஞ்சினை நிறுத்தினாள்.

“ஜெட் சரிதான். அப்புறம் ஏன்?” மறுபடி பிரித்தாள். கேஸ்கட்டைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் ஊசி வால்வை நாலு தடவை துடைத்தாள். அவள் நெற்றி வியர்த்தது. மணி மூன்று. தூரத்தில் ஒரு இடி.

அவருக்குத் தெரியும். வாயைத் திறந்தால் மானம் போகும், திறக்காவிட்டால் நிலம் போகும். வாளியை விட்டு எழுந்தார்.

“அம்மா… மிதவைக்கு மேல, அந்த வால்வை அழுத்துற நாக்கு ஒண்ணு இருக்குல்ல. புகை வந்தப்ப அதையும் கொறடால வளைச்சேன். நீ கேட்டப்ப பொய் சொல்லிட்டேன்மா.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று அவர் தோளைக் குறுக்கிக்கொண்டார். அவளோ, “எந்தப் பக்கம் மாமா?” என்றாள்.

“மேல் பக்கம்.”

“எத்தனை தடவை?”

“ஒரே தடவைதான். சத்தியமா!”

கார்புரேட்டரைக் கவிழ்த்துப் பிடித்து, மிதவை மட்டமாக நிற்கும்வரை அந்த நாக்கை நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினாள். பத்தே நிமிஷம். இந்தத் தடவை கிளப்பியபோது புகையும் இல்லை, பொங்கலும் இல்லை. வண்டி சீராக ஓடியது, கலப்பை மண்ணில் இறங்கியபோதும் மூச்சு முட்டவில்லை.

அவர் ஓட்ட, மருமகள் மட்கார்டில் உட்கார்ந்து, சத்தத்தைக் கேட்டுக் கேட்டுக் கார்புரேட்டரின் ஒரு திருகை இம்மி இம்மியாகத் திருப்பிக்கொண்டு வந்தாள். மனைவி பின்னால் விதை தூவிக்கொண்டே வந்தாள். இருட்டப்போகும் நேரம், நான்கு சால் பாக்கி இருக்கும்போது, அவர் திடீரென்று வண்டியை நிறுத்தினார்.

“உன்னைத்தான் கட்டுவேன்னு என் மகன் வந்து நின்னப்ப, மெஷின் எண்ணெய் நாறுற கை என் வீட்டுக்கு வேணாம்னு சொன்னவன்மா நான்.”

“தெரியும் மாமா. அவர் அன்னைக்கே சொல்லிட்டாரு.”

“தெரிஞ்சுமா இத்தனையும் செஞ்ச?”

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். “டிராக்டர் என்னை ஒண்ணும் சொல்லலையே மாமா. ஓட்டுங்க, தூறல் விழுது.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டார்.