கொழுந்துப் பையில் பழைய சாமான்

ஜீவராணி சாவதற்கு முன் கடைசியாகச் செய்த காரியம், நோர்வூட் கராஜில் மெக்கானிக்காக நின்ற புருசனின் சட்டைப் பையில் தேங்காய் ரொட்டி ஒன்றை மடித்துச் செருகியது. "கையெல்லாம் கிரீசு. பைக்குள்ள வச்சிருக்கேன், மறந்துறாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கொழுந்து பறிக்கத் தேயிலை மலைக்குப் போனாள். பிற்பகல் கொழுந்துப் பையோடு எடை போடும் மடுவத்துக்கு நடந்தவளை, பாதை வளையும் முடக்கில் பிரேக் பிடிக்காத பொன்னையா முதலாளியின் ஜீப் அடித்தது. உடலை எடுக்கும் முன்பே சிதறிய கொழுந்தை வாரி எடை போட்டார்கள். இருபத்திரண்டு கிலோ.

அந்த ஜீப்பின் பிரேக் பேட் இரும்பு வரை தேய்ந்துவிட்டது, ஷொக் எண்ணெய் கக்குகிறது, புஷ்ஷெல்லாம் பிய்ந்துவிட்டது என்று தீபாவளிக்கே சொன்னவன் அவள் புருசன் செல்லசாமிதான். "பொங்கலுக்கு அப்புறம் பாப்போம் பாஸ்" என்றிருந்தார் முதலாளி; மெக்கானிக்கை அங்கே 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். நுவரெலியாவுக்கு மரக்கறி லொறிகள் விடுகிற பெரிய மனிதர். விசாரணையில் பழி மூடுபனியின் மேல் விழுந்தது. அன்று நோர்வூட்டில் நல்ல வெயில்.

பொங்கல் கழிந்து அதே ஜீப் அதே கராஜுக்கு வந்தது. "பழச மனசுல வச்சுக்காத பாஸ். ஒன்ன மாதிரி இத யாரு பாப்பா?" பிரேக் குழாயில் ஒரு நட்டை அரைச் சுற்று தளர்த்தினால் போதும் என்று செல்லசாமிக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். அவன் இறுக்கித்தான் விட்டான். முதலாளி ஒரே தடவை சாவது அவனுக்குப் போதவில்லை. பேட், டிஸ்க், ஷொக், புஷ் எல்லாவற்றையும் புதிதாக மாட்டினான். கழற்றிய சாமானை உரியவரிடம் கொடுப்பது கராஜ் வழக்கம். அதை ஜீவராணியின் கொழுந்துப் பையில் போட்டு முன் சீட்டில் வைத்தான்.

"இந்தக் குப்ப எனக்கு எதுக்கு?"

"ஒங்க சாமான், முதலாளி. நீங்கதான் சொமக்கணும்."

ஜீப் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போய், ஜீவராணியை அடித்த அதே முடக்கில் நின்றது. இரண்டு லொறிகள் கட்டி இழுத்தும் அசையவில்லை. எரிச்சலில் அவர் பையைத் தூக்கி வீசப் போனபோதுதான் ஜீப் ஓரடி நகர்ந்தது. அவர் பையைச் சுமந்தால்தான் அது நகரும். அவர் பையின் கயிற்றைத் தலையில் மாட்டி, மடுவத்து மேட்டில் ஏறினார். ஜீப் ஆளில்லாமலே கீழே பாதையில் அவரோடு ஊர்ந்தது. மடுவத்தில் கணக்கப்பிள்ளை பழக்கத்தில் பையைத் தராசில் தொங்கவிட்டார். இருபத்திரண்டு கிலோ. அங்கே கொழுந்தோடு வரிசையில் நின்ற அழகம்மா சொன்னாள்: "கயித்த நெத்தியில போடாதீங்க முதலாளி, உச்சியில போடுங்க. நாளைக்கும் கழுத்து வேணும்ல?"

பையை நீர்த்தேக்கத்தில் எறிந்தார். மறுநாள் முன் சீட்டில் ஈரமாக இருந்தது. ஜீப்பை விற்றார், வாங்கியவனுக்கு அது எங்கும் நிற்காமல் ஓடியது, அவர் வாங்கிய புது வேன் முடக்கில் நின்றது. பஸ்ஸில் போனார், பஸ்ஸும் நின்றது. "எறங்குங்க முதலாளி, எங்களுக்கு வேல இருக்கு" என்று சனம் இறக்கிவிட்டது. தினமும் முடக்கிலிருந்து மடுவம் வரை பையைச் சுமந்தே வருசங்கள் போயின. கயிறு பட்டு அவர் உச்சியில் மயிர் உதிர்ந்தது. கொழுந்துப் பெண்கள் தங்கள் வரிசையில் அவருக்கும் ஓர் இடம் விட்டார்கள்.

செல்லசாமி மாலைதோறும் மடுவத்து வாசலில் நின்று பார்ப்பான். ஒருநாள் முதலாளி பையோடு அவன் முன் குந்திவிட்டார். "போதும்னு ஒரு வார்த்த சொல்லு பாஸ்."

"பொங்கலுக்கு அப்புறம் பாப்போம் முதலாளி."

அவன் லயத்து வீட்டுக்குப் போய் அந்தச் சட்டையைத் திரும்பவும் துவைத்துக் கொடியில் போட்டான். சட்டைப் பையில் ரொட்டியின் எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது.