மாப்ளேயின் குழாய்

உலக மக்கள் யாவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், மீன் காட்சியகத்தின் அஞ்சாலைத் தொட்டியை அமைச்சர் பார்வையிடவிருந்தார். அஞ்சாலை என்பது பவளப்பாறைப் பொந்தில் வாழும், பாம்பு போன்ற மீன். பராமரிப்பாளர் அதை ஒன்பது வருடமாக "மாப்ளே" என்று கொஞ்சிக் கையால் ஊட்டி வந்தார்; அது ஒளிந்துகொள்ளப் பொந்தாகத் தொட்டிக்குள் ஒரு குழாயும் போட்டிருந்தார்.

"அந்தக் குழாய எடுத்துருய்யா. அமைச்சர் வரும்போது ஒளிஞ்சுக்கிட்டா மரியாதையா?" என்றார் மேலாளர்.

"சார், பொந்து இல்லேன்னா பயந்து வெளிய குதிச்சிரும்."

"ஏன், மாமனார் வீடு கசக்குதாமா உன் மாப்பிள்ளைக்கு?"

குழாய் போனது. அமைச்சர் எட்டிப் பார்க்க வசதியாக மூடியும் போனது. பராமரிப்பாளரைப் பூங்கொத்தோடு வாசலில் இரண்டு மணிநேரம் நிறுத்தி வைத்தார்கள். அவர் திரும்பி வந்தபோது அஞ்சாலை தரையில் காய்ந்து கிடந்தது. மடியில் கிடத்தி, தண்ணீர் தெளித்து, "மாப்ளே, மாப்ளே" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

அமைச்சர் வரவில்லை.