முதல் சுமை

பனியாற்றின் மேலிருந்த கூடாரங்களைப் பிரித்து, சுமைகளைத் தராசில் நிறுத்து முடித்தாயிற்று. சுமைகூலிகளின் தலைவன் தகீ முதல் சுமையைத் தூக்கினால்தான் மற்ற நாற்பது பால்தி மலைவாசிக் கூலிகளும் தூக்குவார்கள். மலையேற வந்தவர்களின் நிரம்பிய கழிவறைப் பீப்பாய் மட்டும் ஓரமாகக் கிடந்தது.

"அதைப் பனிப்பிளவுல தள்ளிட்டுக் கிளம்புங்கய்யா," என்றார் பயண நிறுவன மேலாளர்.

"பனி உருகினா எங்க ஊர் வாய்க்காலுக்குல்ல வரும், சார்?" என்றான் தகீ.

"வர நூறு வருஷம் ஆகும்யா!"

"ஆகட்டும். அப்ப அதைக் குடிக்கப்போறது யாரு, உங்க பேரனா?"

மேலாளர் கத்தித் தீர்த்தார். தகீ பீப்பாயை உருட்டி வந்து அவர் காலடியில் நிறுத்திவிட்டு, பனியிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தான். நாற்பது பேரும் உட்கார்ந்தார்கள்.

"இன்னிக்கு முதல் சுமையை நீங்க தூக்குங்க, சார். நாங்க பின்னாடியே வர்றோம்."